சார்ஜ் யார் மேல்?



மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். ஒரே இங்கிலீஷ் வார்த்தை பல விதமாய்க் காதில் விழும். பஸ் சார்ஜ் எவ்வளவு? செல்போனில் சார்ஜ் இல்லை. புது இன்ஸ்பெக்டர் சார்ஜ் எடுத்துட்டார். அவன் மேல சார்ஜ் ஷீட் போட்டாச்சு. பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கும் தெரிந்த வார்த்தை இது.

இதன் ஆதி அர்த்தம் என்ன தெரியுமா? லத்தீன் மொழியில் வண்டிக்குக் காரஸ் என்று பெயர். வண்டியில் பாரம் ஏற்றுவதைச் சொல்லும் வார்த்தை அதிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாய் இங்கிலீஷில் சார்ஜ் ஆனது. ஆக, பணமோ பொறுப்போ பழியோ, சார்ஜ் என்றால் சுமை. அந்தச் சுமை யார் மேல் என்பதே கேள்வி.

1. கட்டணம்

2021 மே மாதம் முதல் நம் மாநிலத்தில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சகோதரிகளே, உங்களுக்கு இலவசம். ஆனால் பஸ் இலவசமாய் ஓடவில்லை. உங்களுக்கான தொகையை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. கிருபையும் அப்படித்தான். நமக்கு இலவசம், சிலுவையில் ஒருவர் கிரயம் செலுத்தினார். அல்லேலூயா!

2. குற்றச்சாட்டு

கோர்ட்டில் இரண்டு வார்த்தை உண்டு. விசாரணைக்கு முன்பே, போதிய முகாந்திரம் இல்லையென்று ஒருவரை விடுவித்தால் அது டிஸ்சார்ஜ். புதுச் சாட்சி கிடைத்தால் அவரை மறுபடியும் கூண்டில் ஏற்றலாம். விசாரித்து முடித்து, குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானால் அது விடுதலை. அந்தத் தீர்ப்பு நிற்கும்வரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது.

அநேக விசுவாசிகள் தங்களை டிஸ்சார்ஜ் ஆனவர்களாக மட்டும் எண்ணி, "எப்ப திரும்பக் கூப்பிடுவாங்களோ" என்று பயந்தே வாழுகிறார்கள். பிரியமானவர்களே, நம் கேஸ் சாட்சி இல்லாமல் தள்ளுபடியானது அல்ல. சாட்சி இருந்தது, குற்றமும் இருந்தது. தண்டனையை வேறொருவர் சுமந்து தீர்த்துவிட்டார். ரோமர் 8:33-ஐ வாசியுங்கள். தமிழில் குற்றஞ்சாட்டுதல் என்று இருக்கிற இடத்தில் பழைய ஆங்கில வேதாகமத்தில் இருப்பது இதே சார்ஜ்தான்.

அப்படியானால் நாம் பிறர் மேல் சுமத்தலாமா? இந்தக் கரிசல் காட்டில் மழை பொய்த்தால் மருமகள் வந்த நேரம். குழந்தை இல்லையா, அவள் ராசி. மாடு செத்தாலும் அவள் தலையில்தான்! வீட்டுக்குள்ளேயே சார்ஜ் ஷீட் எழுதுகிறோமே! கல்லெறிபட்டுச் சாகிற ஸ்தேவான், தன்னைக் கொல்லுகிறவர்கள்மேல் அந்தப் பாவம் சுமராதபடி ஜெபித்தான். பவுலோ, ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி பிலேமோனைக் கேட்டார். விசுவாசி பழியைச் சுமத்துகிறவன் அல்ல, பிறர் பாரத்தைச் சுமக்கிறவன்.

3. பேட்டரி

டிராக்டர் பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால், உள்ளே ஈயத்தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜரில் போட்டாலும் லேசில் ஏறாது. ஜெபமில்லாமல் கிடக்கிற இருதயமும் இறுகும். மன்னிக்காமல் வருஷக்கணக்காய் வைத்திருக்கிற கசப்பும் அப்படியே. இன்றைக்கே ஆவியானவரிடம் வாருங்கள்.

நம் பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். வயிற்றுச் சுமையோடு மரித்த பெண்ணின் நினைவாக அதை நடுவது நம் பக்கத்து வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போனாள். வழிப்போக்கன் இறக்கி வைக்கிறான். நமக்கோ உயிரோடெழுந்த சுமைதாங்கி உண்டு!

இதை வாசிக்கிற தாயே, "நான் சரியாப் பார்க்காததாலதான் பிள்ளை போயிருச்சு" என்று எத்தனை வருஷமாய்ச் சுமக்கிறீர்கள்? இறக்கி வையுங்கள். ஐயா, வரப்புத் தகராறில் தம்பி மேல் போட்ட பழியை இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதிருங்கள்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, என் பாரம் உம்மேல். நான் பிறர்மேல் வைத்ததை எடுக்கப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.