கேட்டவரின் கடன்

"வீட்டில் எத்தனை பேர்? பிறந்து இறந்த குழந்தை உண்டா? கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டா? சென்ற மாதம் யாருக்கேனும் நோய் கண்டதா?" ஒரு வீட்டு வாயிலில் நின்று இவ்வாறு வினவுவது எளிய செயலாகவே தோன்றுகின்றது. கையில் வினாப்பட்டியல், தோளில் ஒரு பை, முகத்தில் புன்னகை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகின்றது. ஆனால் திண்ணையில் அமர்ந்து விடை சொன்ன பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் மண்ணுக்குக் கொடுத்த பிள்ளையை அவள் மீண்டும் ஒருமுறை நினைவிலே தூக்கிச் சுமந்திருக்கின்றாள். கேட்டவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவள் அடுப்படிக்குத் திரும்புகின்றாள்.

சமூகப்பணி பயில்வோரும் அத்துறையின் அறிஞர்களும் உடல்நலம், குடும்பம், ஊர் வாழ்வு ஆகியவற்றின் சிக்கல்களை ஆராய்வதற்கு இவ்வாறே வீடு வீடாகச் செல்கின்றனர். அவர்களுடைய பணியின் அடியிலே ஓர் அறக்கேள்வி கிடக்கின்றது. பிறருடைய துன்பத்தைக் கேட்டு அறிந்தவர், அறிந்த காரணத்தினாலேயே அவருக்குக் கடன்பட்டவர் ஆகின்றாரா? ஆகின்றார் எனில், அக்கடன் எத்தகையது? இக்கேள்வியை ஆய்வாளரிடம் மட்டும் விட்டுவிட நம்மால் இயலாது. நாம் அனைவருமே ஏதோ ஒரு வேளையில் பிறர் துயரைக் கேட்டவர்கள்தாமே!

"கேட்காமலே இருந்துவிட்டால் கடனும் இல்லை" என்று கூறிவிடலாம். அஃது அறமாகாது. கேட்கப்படாத துன்பம் இல்லாத துன்பமாகவே எண்ணப்படும். அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தியை இங்கே நினைவுகூர்வோம். 1912ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு குழந்தைகள் நலத்திற்கென ஒரு துறையை நிறுவி, சிகாகோ நகரின் ஏழைத் தெருவொன்றில் மக்களோடு வாழ்ந்து தொண்டாற்றியிருந்த ஜூலியா லாத்ராப் என்னும் பெண்மணியை அதற்குத் தலைவராக்கியது. பச்சிளங் குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட முதல் பெரிய வினா. பென்சில்வேனியா மாநிலத்தின் எஃகுத் தொழில் நகரமாகிய ஜான்ஸ்டவுனில், 1911ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளின் வீடுகளைத் தேடிப் பெண் ஊழியர்கள் 1913இல் புறப்பட்டனர். விடை சொல்லியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் தாய்மாரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஏன் கேட்கின்றோம் என்பதை எடுத்துரைத்து, விரும்பியவரிடம் மட்டுமே கேட்டனர். தாய்மார் பெரும்பாலோர் மனமுவந்து பேசினர்.

விடைகளைத் தொகுத்தபோது தெரிந்த உண்மை கசப்பானது. நகர முழுமைக்கும் பார்த்தால் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 134 ஓராண்டு நிறையுமுன் இறந்திருந்தன. கழிவுநீர் வசதியற்ற ஏழைப் பகுதியொன்றிலோ அவ்விறப்பு ஆயிரத்துக்கு 271. தந்தையின் வருவாய் குறையக் குறையக் குழந்தைச் சாவு ஏறிக்கொண்டே சென்றது. பிள்ளை இறந்தால் தாயின் அறியாமையே காரணம் என்று பழி சுமத்திவந்த காலம் அது. அத்தாய்மார் சொன்ன விடைகளே அப்பழியின் பெரும்பகுதியை அவர்கள் தோளிலிருந்து இறக்கித் தெருவின் மீதும் கூலியின் மீதும் வைத்தன. வேறு நகரங்களிலும் இத்தகைய ஆய்வுகள் தொடர்ந்தன. 1921இல் தாய்சேய் நலத்திற்கு அரசுப் பணம் ஒதுக்கும் சட்டமும் பிறந்தது.

இனி, அதே நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தொடங்கிய மற்றோர் ஆய்வைக் காண்போம். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் ஊரைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏழைக் கறுப்பின உழவரிடையே மேகநோயாகிய சிபிலிஸ் பரவியிருந்தது. அந்நோய்க்கு மருத்துவம் செய்யும் திட்டமொன்று பணமின்றி நின்றுபோயிற்று. பொதுச் சுகாதாரத் துறையினர் 1932இல் அவ்விடத்திலேயே ஓர் ஆய்வைத் தொடங்கினர். மருத்துவம் பெறாதவரிடம் இந்நோய் எவ்வாறு முற்றுகின்றது என்று இருந்து பார்ப்பதே அதன் நோக்கம். நோயுற்றோர் 399 பேரும் நோயற்றோர் 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு நோயின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை; "கெட்ட இரத்தத்துக்கு" மருத்துவம் செய்வதாகவே கூறப்பட்டது. முதுகுத்தண்டிலே ஊசி செலுத்தி நீர் எடுத்த சோதனையையும் சிறப்புச் சிகிச்சை என்றே நம்பவைத்தனர். இலவச உணவு தந்தனர். பிணச்சோதனைக்கு இசைந்தால் அடக்கச் செலவு தருவதாக உறுதி கூறினர். 1940களில் பெனிசிலின் அந்நோயைக் குணப்படுத்தும் மருந்தாக நிலைபெற்ற பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. ஆய்வு 1972 வரை நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

இவ்விரண்டு ஆய்வுகளையும் வேறுபடுத்துவது எது? இரண்டும் அரசு நடத்தியவை. இரண்டிலும் கணக்கு எழுதப்பட்டது. அன்புதான் வேறுபாடு என்று சொல்ல நம் நா எழலாம். அங்கேதான் நாம் தயங்கி நிற்க வேண்டியுள்ளது. டஸ்கீகியில் அந்த உழவர்களோடு நெருங்கிப் பழகியவர் யூனிஸ் ரிவர்ஸ் என்னும் கறுப்பினச் செவிலிப் பெண். அவர்களைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்றார், குடும்பங்களை அறிந்திருந்தார், இறந்தவரின் அடக்கச் சடங்குகளிலும் கலந்துகொண்டார். மக்கள் அவரை நம்பினர். அந்த நம்பிக்கையே ஆய்வை இத்தனை ஆண்டுகள் தாங்கி நிறுத்திய தூணாயிற்று. ஆகவே கனிவு மட்டும் கேட்டவரின் கடனைத் தீர்த்துவிடாது. கனிவான குரலும் சில வேளைகளில் பொய்க்கு ஊர்தியாகிவிடக் கூடும்.

தீர்வு தந்ததுதான் வேறுபாடு என்றும் முழுமையாகக் கூறிவிட இயலாது. ஜான்ஸ்டவுனில் கதவைத் தட்டிய பெண்கள் இறந்த ஒரு குழந்தையையேனும் திருப்பித் தந்தார்களா? எஃகு ஆலையின் கூலியை ஒரு காசேனும் உயர்த்தினார்களா? அவர்கள் கையில் இருந்தவை தாளும் எழுதுகோலுமே. 1921இல் பிறந்த சட்டமும் 1929இல் முடிந்துபோயிற்று. கேட்கின்ற ஒவ்வொருவரும் தீர்வையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்று விதித்தால் உலகில் எவரும் எவரிடமும் எதையும் கேட்க முடியாது.

நமக்குத் தோன்றும் வேறுபாடு இதுவே. கேட்ட காரணம் முழுவதையும் அறிந்திருந்தாலும் ஜான்ஸ்டவுன் தாய் விடை சொல்லியிருப்பாள், அறிந்தேதான் சொன்னாள். டஸ்கீகி உழவர் அறிந்திருந்தால் அன்றே ஆய்வு சரிந்திருக்கும். அவருடைய அறியாமையின் மீதே அது கட்டப்பட்டிருந்தது. எனவே எந்த ஆய்வையும் நிறுத்துப் பார்க்க ஒரு துலாக்கோல் நமக்குக் கிடைக்கின்றது: விடை சொல்பவர் உண்மை முழுவதையும் அறிந்தால் இது நிலைக்குமா?

இதிலிருந்து கேட்டவரின் கடன்கள் தெளிவாகின்றன. ஏன் கேட்கின்றோம் என்பதை மறையாமல் உரைப்பது முதற்கடன். கையில் உள்ள உதவியைக் கணக்கு கெட்டுவிடும் என்று அஞ்சி ஒளித்து வையாதிருப்பது இரண்டாவது. கேட்டதைச் செயலாற்ற வல்லவரின் செவிக்கும், சொன்னவரின் செவிக்கும் கொண்டு சேர்ப்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் பெருஞ்செல்வமோ அதிகாரமோ வேண்டுவதில்லை, மாணவராலும் இயலும். ஆனால் துணிவு வேண்டும். பீட்டர் பக்ஸ்டன் என்பவர் அதே பொதுச் சுகாதாரத் துறையில் நோயாளிகளிடம் வினவும் பணியில் இருந்தவர். டஸ்கீகி ஆய்வைப் பற்றி அறிந்து 1966இல் மேலிடத்துக்கு எழுதினார்; கேட்பார் இல்லை. விடாது நின்று 1972இல் செய்தியாளரிடம் கொண்டு சென்றார். அதன் பின்னரே அது முடிவுக்கு வந்தது. மனிதரை ஆராய்வோர்க்கு நெறி வகுத்த பெல்மாண்ட் அறிக்கை 1979இல் வெளிவந்தது. நாட்டின் அதிபர் கிளின்டன் 1997இல் மன்னிப்புக் கேட்டார். தாம் கேட்டறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ள மறுத்த ஒருவரிடமிருந்தே அம்மாற்றம் தொடங்கிற்று.

கேளாதிருப்பதும் கடனாகும் வேளை உண்டு. நம் நாட்டில் 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வில், இல்லத்துள் பெண்கள் படும் வன்முறை பற்றியும் வினவுகின்றனர். அவ்வினாக்களை ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம்தான் கேட்கலாம், அதுவும் தனிமையில்தான். தனிமை கிடைக்காவிடில் அப்பகுதியைக் கேளாமலே விட்டுவிட வேண்டும் என்பது விதி. விடையொன்று குறைந்தாலும் குறையட்டும்; விடை சொன்னதற்காக அவள் இரவிலே அடிபடலாகாது என்னும் எண்ணம் அவ்விதியில் அடங்கியுள்ளது. அவளுடைய விடையினும் அவள் பெரியவள் என்பதே அதன் பொருள்.

நம் வள்ளுவப் பெருந்தகையும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் அதைத் தணிக்கும் வழியையும் ஆராயச் சொல்லி, ஆராய்ச்சியோடு நில்லாமல் பொருந்தச் செய்வதிலே கொண்டுபோய் முடிக்கின்றார். நாடுதல் தொடக்கம், செயல் முடிவு. இடையிலே நின்றுவிடும் அறிவு, நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து வேடிக்கை பார்க்கும் அறிவாகிவிடும்.

நமது பங்குகளிலும் குடும்பக் கணக்கெடுப்புகள் நடைபெறுகின்றன. அன்பியக் கூட்டங்களில் ஒருவர் வீட்டுத் துயரைப் பலர் கேட்கின்றோம். இரக்கத்தோடு "உச்" கொட்டுகின்றோம், தாளில் குறித்துக்கொள்கின்றோம். தாள் அலமாரிக்குள் போய்விடுகின்றது. குறித்த தாள் என்னவாயிற்று என்று அந்த வீட்டாருக்கு ஒருமுறையேனும் சொல்லியிருக்கின்றோமா? "உங்களிடம் கேட்டவற்றிலிருந்து இதை அறிந்தோம், இதைச் செய்ய முடிந்தது, இதைச் செய்ய இன்னும் முடியவில்லை" என்று திரும்பிச் சென்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

திண்ணையில் அமர்ந்து விடை சொன்ன பெண் நம்மிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. இறந்த பிள்ளையைக் கேட்டவர் திருப்பித் தரமாட்டார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டோம், அவளும் சொன்னாள். இனி அவள் வீட்டுப் படியேறி மறுமுறை செல்ல வேண்டியது நம் முறை.