பிடித்த பணம்

பொங்கல் நேரத்தில் பேருந்தை நிறுத்தலாமா? 2018 ஜனவரியில் தமிழக அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் எட்டு நாள் வேலைநிறுத்தத்தின்போதும், 2024 ஜனவரியில் மறுபடியும் இந்தக் கேள்வி எழுந்தது. மக்கள் கேட்டார்கள், நீதிமன்றமும் கேட்டது. ஆனால் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது வேறு: உழைத்தவன் பணத்தைத் தராமல் வைத்திருப்பவர் அவனுக்குக் கடமையைப் போதிக்கலாமா? கூடாது.

2018-இல் தகராறு ஊதிய உயர்வுக்கான பெருக்கல் காரணி 2.57-ஆ, 2.44-ஆ என்பதோடு முடியவில்லை. தொழிலாளரின் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதியும் காப்பீட்டுப் பிரீமியமும் கூட்டுறவுக் கடன் தவணையும் உரிய இடத்தில் கட்டப்படாமல் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் அன்றாடச் செலவுக்குப் போயின. ஓய்வுபெற்றவர்களுக்கோ 2015 நவம்பரிலிருந்து அகவிலைப்படி உயர்வு ஆண்டுக்கணக்கில் நின்றது.

திண்டுக்கல் டிப்போவில் கடைசி டிரிப் முடிந்து வரும் நடத்துநரைப் பாருங்கள். சில்லறையை அடுக்கி, எண்ணி, கலெக்‌ஷன் கட்டுகிறார். பத்து ரூபாய் குறைந்தால் சொந்தப் பையிலிருந்து போட வேண்டும், அன்றைக்கே. அவரிடம் பத்து ரூபாய்க்குத் தவணை தராத நிர்வாகம், அவருக்குத் தர வேண்டியதற்கு மட்டும் ஆண்டுகளைத் தவணையாக எடுத்துக்கொண்டது. இது அறமா?

செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர் அடுத்ததாகவே கொடுங்கோன்மையை வைத்தார். துன்பப்பட்டவரின் கண்ணீர் ஆட்சியின் செல்வத்தையே தேய்த்துவிடும் என்று அங்கே எச்சரித்தார். கூலி கொடுக்காதவனுக்கு அபராதம் விதித்தது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். உழைத்தவனின் வியர்வை காயுமுன் கூலி கைக்கு வர வேண்டும் என்பது நபிகளின் வாக்கு. பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடும் என்கிறது விவிலியத்திலுள்ள யாக்கோபின் நிருபம். இத்தனை மரபுகளும் ஒரே குரலில் பேசும் விஷயங்கள் அதிகமில்லை. தொலைவில் சாட்சி தேடுவானேன்? முன்பு திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த போக்குவரத்துக் கழகமே சாலைக்கும் சத்திரத்துக்கும் பேர்போன ராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கி நின்றதுதான். வழிநடப்பவரைக் காப்பது அரசின் அறம் என்றால், வண்டி ஓட்டுகிறவரும் அந்த வழியில்தான் இருக்கிறார்.

பேருந்து நின்றால் நத்தத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவர் தவிப்பது உண்மை. டிக்கெட் வருமானம் செலவுக்குப் போதாததும் உண்மை. அந்தக் குறையை ஈடுகட்டத் தொழிலாளியின் சேமிப்பில் கைவைத்ததற்கு இவை நியாயமாகிவிடா. மக்களுக்குக் குறைந்த கட்டணமும் கட்டணமில்லாப் பயணமும் தருவது நல்ல அரசின் வேலை. அதன் விலையை அரசே கொடுக்கட்டும்.

கழகத்தின் மாதக் கணக்கில் தொழிலாளிக்கும் ஓய்வூதியருக்கும் சேர வேண்டியது முதல் வரியாக எழுதப்படட்டும். டீசல் இரண்டாவது வரியில் வரட்டும்.