ஒன்பது கட்டங்கள்

நாகர்கோவிலை அடுத்த சிற்றூர் ஒன்றில், எனக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று கிறிஸ்து பிறப்பு விழாவிற்காக வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. திருஇருதய ஆண்டவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியபோது, அதன் பின்னாலிருந்து சிறு செப்புத் தகடு ஒன்று கீழே விழுந்தது. அதில் ஒன்பது கட்டங்கள்; கட்டத்திற்கு ஓர் எண். அவ்வீட்டுத் தாய் தலைகுனிந்தார். "கடன் தாங்க முடியல்ல சார். இத வச்சா பணம் வரும்னு சொன்னாங்க. சாமியாரிட்ட சொல்லிராதீங்க" என்றார்.

அவருடைய மகனிடம் அந்த எண்களைக் கூட்டச் சொன்னேன். முதல் வரிசை 27, 20, 25. அடுத்தது 22, 24, 26. கடைசி 23, 28, 21. நெடுக்காகவும், குறுக்காகவும், மூலைக்கு மூலையாகவும் கூட்டிப் பார்த்து, "எப்படிக் கூட்டினாலும் 72!" என்று துள்ளினான்.

நம் இந்து சகோதரர்கள் பூசையறையில் இடும் குபேரக் கோலம் அது. அவர்களது வழிபாட்டைக் குறித்துத் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. அக்கோலத்தின் பழமையைச் சிந்திப்போம். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 19-ஐக் கழித்தால் 8, 1, 6. 3, 5, 7. 4, 9, 2 என்று வரும். இதன் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இடம் மாற்றினால், சீனர்கள் 'லோ ஷு' என்று போற்றும் மாயச் சதுரம் கிடைக்கிறது. யூ என்னும் அரசர் காலத்தில் லோ ஆற்றிலிருந்து கரையேறிய ஆமையின் முதுகில் இது காணப்பட்டது என்பது அவர்களது மரபுக் கதை. நடுவிலும் நாற்றிசையிலும் ஒற்றை எண்கள். நான்கு மூலைகளிலும் இரட்டை எண்கள். இதில் உலகின் ஒழுங்கையே அவர்கள் கண்டார்கள். நம் நாட்டில் நாராயண பண்டிதர் 1356-இல் எழுதிய 'கணித கௌமுதி'யில் இத்தகைய சதுரங்களுக்கென ஓர் அதிகாரமே உண்டு.

இதில் மறைபொருள் ஏதும் உண்டா? 1 முதல் 9 வரை கூட்டினால் 45. அது மூன்று வரிசைகளுக்குச் சமமாகப் பிரிந்தால் வரிசைக்கு 15. நடுக்கட்டத்தின் வழியே செல்லும் கோடுகள் நான்கு. அவற்றின் மொத்தம் 60. அதில் எல்லா எண்களும் ஒருமுறை வந்து, நடு எண் மட்டும் மேலும் மூன்று முறை வருகிறது. மிகுதியான 15-ஐ மூன்றால் வகுத்தால் 5. ஆகவே நடுவில் 5 தவிர வேறெதுவும் அமர முடியாது. பேரரசன் ஆணையிட்டாலும், ஏழை கண்ணீர் விட்டாலும் அது மாறாது.

இந்த ஒழுங்கைக் கண்டு வியப்பது பிழையன்று. இறைவன் அனைத்தையும் அளவோடும் எண்ணிக்கையோடும் எடையோடும் அமைத்தார் என்று சாலமோனின் ஞானமும் கூறுகிறது. பார்சலோனா நகரின் திருக்குடும்பப் பேராலயத்தில், பாடுகளின் முகப்பில், சுபிராக்ஸ் என்னும் சிற்பி 33 என்று கூட்டுத்தொகை வரும் சதுரத்தைச் செதுக்கியுள்ளார். ஆண்டவர் பாடுபட்டபோது அவருக்கு வயது 33 என்பது மரபு. அந்தச் சதுரம் எவருக்கும் எதையும் பெற்றுத் தருவதாகச் சொல்லவில்லை. ஒருவரை நினைவூட்டுவதோடு நிற்கிறது.

வியப்பு பேரமாக மாறும்போதுதான் நாம் வழி தவறுகிறோம். தகட்டை மறைத்து வைத்த தாயை நோக்கிக் கைநீட்டுமுன் நம்மையும் சற்றே சோதித்துக்கொள்வோம். ஒன்பது நாள் முடித்தேன், பதின்மூன்று செவ்வாய் முடித்தேன், இனி வரம் தந்தே ஆகவேண்டும் என்று நாம் இறைவனிடம் கணக்குக் கேட்டதில்லையா? "இச்செபத்தை இத்தனை படி எடுத்துக் கொடுத்தால் நன்மை, தவறினால் தீமை" என்னும் துண்டுத்தாளைக் கண்டு அஞ்சியதில்லையா? தகட்டிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அருள் கொடையாக வருவது; கூட்டிக் கழித்துப் பெறும் கூலியன்று.

இன்னொன்றும் என் உள்ளத்தை உறுத்துகிறது. அத்தாயின் கடன் மெய்யானது. வாரந்தோறும் அன்பியத்தில் நம்மருகே அமர்ந்து செபமாலை சொன்னவர் அவர். தம் துயரத்தை நம்மிடம் சொல்லக் கூசி, செப்புத் தகட்டிடம் சொன்னார். மணிகளைத் தவறாமல் எண்ணிய நாம், அருகில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தோமா?

அன்று அவர் அந்தத் தகட்டை என் கையில் தந்தார். சிறுவன் தன் நோட்டில் அக்கட்டங்களை வரைந்துகொண்டான். அவனுக்கு அது கணக்கு, அதில் தவறில்லை. தாயின் கணக்கு நம் பங்கின் கணக்கு. அதைத் தீர்க்கும் வழி நம் கையில் இருக்கிறது.