பெயர் எழுதாத மொய்

பெயரைச் சொல்லாமல் கொடுப்பவனே உத்தமமான கொடையாளி என்று என் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்லுவார். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கோயிலுக்கு ஒரு மணியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதில் மூன்று தலைமுறைப் பெயர்களையும் வெட்டி வைக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, பெயரை மறைப்பதே ஒரு தவம் என்ற நினைப்பு மனத்தில் ஊறிப் போயிருந்தது. அதை அசைத்துவிட்டது தேர்தல் பத்திர விவகாரம்.

விஷயம் வாசகர்கள் அறிந்ததுதான். 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. ஸ்டேட் பாங்கின் சில கிளைகளில் 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரையில் பத்திரம் வாங்கலாம்; பிடித்த கட்சிக்குக் கொடுக்கலாம். பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இராது. கட்சி 15 நாளைக்குள் அதைப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் யாரென்று தேர்தல் கமிஷனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், வாக்காளனுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டென்று சொல்லித் திட்டத்தை ரத்துச் செய்தார்கள். அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் கை மாறிவிட்டது.

சட்டத்தை நீதிபதிகள் பார்த்துக்கொண்டார்கள். எனக்குள்ள சந்தேகம் தர்மத்தைப் பற்றியது.

கொடுப்பதை ஏன் மறைக்கிறோம்? ஓர் ஏழைப் பையனுக்குப் பரீட்சைப் பணம் கட்டுகிறவர் பெயரை மறைக்கிறார் என்றால், நாளைக்குத் தெருவில் தம்மைக் கண்டு அவன் கூசி நிற்கக் கூடாதே என்பதற்காக. அதாவது, வாங்குகிறவனிடமிருந்து மறைக்கிறார். ஊருக்குத் தெரிந்தாலும் அவனுக்குத் தெரியக் கூடாது. பத்திரத்தில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். கட்சிக்காரரின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தால் அவருக்குத் தெரியாமலா போகும்? பாங்குக்கோ வாங்கியவரின் முழு விலாசமும் தெரியும். அந்தப் பாங்கில் பெரும் பங்கு சர்க்காருடையது. தெரியாதவன் ஒருவன்தான்: வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறவன்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறார்களே, அதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். மொய் தானமல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதனால்தான் வாசலில் நோட்டுப் போட்டு, இன்னார் இவ்வளவு என்று எல்லோர் காதிலும் விழும்படி எழுதுகிறார்கள். அதில் ஒரு நேர்மை உண்டு. நோட்டே இல்லாமல் மொய் வைத்துவிட்டு, இது குப்த தானமாக்கும் என்று சொன்னால் எந்த ஊரில் நம்புவார்கள்?

அமெரிக்கர்கள் இதில் இன்னும் நாசூக்கானவர்கள். அங்கே ஒரு தர்ம நிதியில் பணத்தைப் போட்டு அந்த வருஷமே வரிச் சலுகையும் பெற்றுக்கொண்டு, இன்ன ஸ்தாபனத்துக்குக் கொடுங்கள் என்று பிறகு சாவகாசமாக யோசனை சொல்லலாம். செக்கு நிதியின் பெயரில் போகும். வேட்பாளருக்கு நேரே கொடுக்க முடியாது. கொள்கைப் பிரசாரம் செய்யும் சங்கங்களுக்குக் கொடுக்கலாம்.

ஆனால் மறைவென்றாலே களவு என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. அதே அமெரிக்காவில், நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் சொல்லப்பட்டவர்களின் உரிமைக்குப் போராடிய சங்கத்திடம் அலபாமா மாகாணம் அங்கத்தினர் பட்டியலைக் கேட்டது. கொடுக்க வேண்டியதில்லை என்று 1958-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பட்டியல் வெளியானால் பலருக்கு வேலை போயிருக்கும். உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். அவ்வளவு தூரம் போவானேன்? ஒரு தேர்தலில் நானே ஒரு வேட்பாளருக்கு 500 ரூபாய் கொடுத்து, “ரசீதில் பெயர் வேண்டாம்” என்றேன். என் வீட்டுக்காரர் எதிர்க் கட்சி. வீடு மாறும் சக்தி அப்போது எனக்கு இல்லை.

இதைச் சொன்னதும் நண்பர் பிடித்துக்கொண்டார். “உமக்கொரு நியாயம், முதலாளிக்கொரு நியாயமா?”

ஆமாம் என்றுதான் சொன்னேன். 20,000 ரூபாய்க்கு உட்பட்டுக் கொடுப்பவரின் பெயரைக் கட்சி தெரிவிக்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் முன்பே இடம் இருந்தது. என் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அந்த நிழல் போதும். 2024 மார்ச்சில் கணக்கு வெளிவந்தபோது, விற்ற தொகையில் 90 சதவிகிதத்துக்கு மேல் ஒரு கோடிப் பத்திரங்கள். அவர்கள் எந்த வீட்டுக்காரருக்குப் பயந்தார்கள்?

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உம்ம வேட்பாளர் என்ன ஆனார்?” என்றார்.

தோற்றுப் போனார். வீட்டுக்காரர் ஜெயித்த சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பொட்டலம் மிட்டாய் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன்.