மலையில் புகை, அடுக்களையில் நெருப்பு

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் சொல்லிக்கொடுக்கிறார். கதைக்காகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடம் அது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்திக் காட்டுவது உபநயம். புகையுள்ள இடம் நெருப்புள்ள இடம் என்று முடிப்பது நிகமனம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிறகு சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்து இந்தப் பகுதியைப் பாடமாகக் கேட்டபோது, எனக்கு உடனே நினைவில் எழுந்தவர் வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல். அவரும் ஒரு மலைமேல் நின்று புகையைத்தான் பார்த்தார்.

அவருடைய அடுக்களை நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் இருந்தது. 1896இல் அங்கே பீட்டர் சீமன், வலுவான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே சோடியச் சுடரை எரியவிட்டு அதன் நிறமாலையைப் பார்த்தார். காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்தால் சோடியத்தின் மஞ்சள் கோடுகள் அகன்றன. நிறுத்தினால் பழையபடி மெலிந்தன. காந்தமும் கண்ணெதிரே, கோடு அகல்வதும் கண்ணெதிரே. ஒன்று இருக்கும்போது மற்றது இருக்கிறது, இல்லாதபோது இல்லை. அளவை நூல் கேட்கிற உடன்நிகழ்ச்சி இதுதான்.

1908இல் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் ஹேல் தம் கோபுரத் தொலைநோக்கியால் சூரியப் புள்ளிகளின் ஒளியைப் பகுத்தார். அந்த ஒளியில் சில கோடுகள் இரட்டையாகத் தெரிவது முன்பே பிறர் கண்டதுதான். ஹேல் ஒரு படி மேலே போனார். இரட்டையில் ஒரு கோட்டின் தளவிளைவு (ஒளியலை அதிரும் திசை) வலமாகவும், மற்றதன் தளவிளைவு இடமாகவும் சுழல்வதைக் காட்டினார். சீமனின் மேசையில் காந்தம் செய்த அதே வேலை. எனவே அந்தக் கரும்புள்ளிக்குள் காந்தப்புலம் இருக்கிறது. அவர் கணக்கிட்ட அளவு ஏறத்தாழ 3,000 காஸ். நம் பூமியின் புலம் அரை காஸ் அளவுதான். 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓரிடத்துக்கு எந்தக் காந்த ஊசியையும் கொண்டுபோகாமல், வந்துசேர்ந்த ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இதைச் சொன்னார். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆய்வகத்தில் சட்டக் காந்தத்தின் மேல் தாளை விரித்து, இரும்புத்தூள் தூவி, விரலால் தட்டிக் காட்டுவது வழக்கம். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், தூளை எடுத்துட்டா கோடு இருக்குமா?" கோடு இருக்காது தம்பி, புலம் இருக்கும் என்றேன். "தூளைப் போட்டாத்தானே சார் தெரியுது? இல்லாதப்பவும் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?" நல்ல கேள்வி. அறவண அடிகளின் மாணவி கேட்கத் தகுந்த கேள்வி.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக வைக்கிறார். கண்ணும் காதும் பொருளை அறிகின்றன. தம்மையும் அறிவதில்லை, தம்மை அறியவைக்கும் உயிரையும் அறிவதில்லை. அதுபோலவே உயிரும் சிவனருளால் எல்லாம் அறிந்தபடி, அந்த அருளை மட்டும் அறியாமல் இருக்கிறது. காந்தத்தின் முன்னால் இரும்பு அசைவதைப் போல. எதனால் காண்கிறோமோ அது காட்சிக்குள் வராது என்பது கருத்து. பல ஆண்டு இரும்புத்தூள் தூவியவனுக்கு இந்தச் சூத்திரம் நெஞ்சில் நேராக வந்து தைத்தது.

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். காந்தம் சும்மா இருக்கிறது, இரும்புதான் அசைகிறது. அவ்வாறே இறைவன் விகாரமடையாமல் சந்நிதி மாத்திரத்தால் உயிர்களை இயக்குகிறான் என்று விரித்துச் சொல்வார்கள். பௌதிகத்திலோ இரும்பும் காந்தத்தை அதே அளவு இழுக்கிறது. சூரியனில் இந்தக் கொடுக்கல்வாங்கல் இன்னும் வெளிப்படை. மின்னேற்றமுள்ள வாயுவின் ஓட்டம் காந்தப்புலத்தை முறுக்கி வளர்க்கிறது. வளர்ந்த புலம் அந்த ஓட்டத்தையே கட்டுப்படுத்துகிறது. கரும்புள்ளி கருப்பாகத் தெரிவதே, உள்ளிருந்து வெப்பத்தை ஏற்றிவரும் வாயுவின் கொதிப்பைப் புலம் அடக்கிவிடுவதால்தான். இதனால் மெய்கண்டாருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னது உவமை. உவமையை எடுத்து ஏதுவின் இடத்தில் வைப்பதுதான் பிழை.

ஏது சரியாக இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. சூரியப் புள்ளி ஒரு சுழற்காற்று, அதில் மின்னேற்றங்கள் சுற்றுவதால் காந்தம் பிறக்கிறது என்று ஹேல் எண்ணினார். அடுத்த ஆண்டே, 1909இல், நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் ஓரங்களில் வாயு சுழலவில்லை, நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்று கண்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகமே அதைச் சொல்கிறது. ஹேல் சொன்ன நெருப்பு உண்மை. அது மூண்ட விதம் பற்றிய அவர் கதை நிற்கவில்லை. அனுமானம் செய்கிறவன் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சூரியனைத் தாண்டினால் புகை இன்னும் மெல்லியது. 1949இல் ஹில்ட்னரும் ஹாலும் விண்மீன்களின் ஒளி தளவிளைவு பெற்று வருவதைக் கண்டார்கள். வழியிலுள்ள தூசித் துகள்கள் ஒரு புலத்தால் வரிசைப்பட்டு நிற்பதே காரணம். நம் பால்வெளி முழுக்க அந்தப் புலம் இருக்கிறது. அளவு, காஸில் பத்து லட்சத்தில் சில பங்கு.

விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே கிடக்கும் வெறுமைகளின் கதை வேறு. பிளேசார்கள் என்னும் தொலைதூரக் கருந்துளைத் தாரைகளிலிருந்து மிகு ஆற்றல் காமாக் கதிர்கள் வருகின்றன. அவற்றில் பல, வழியில் வேறு ஒளியோடு மோதி எலெக்ட்ரான், பாசிட்ரான் இணைகளாக மாறும். அந்த இணைகள் பின்னணி நுண்ணலைகளை உதைத்துச் சற்றுக் குறைந்த ஆற்றலுள்ள காமாக் கதிர்களாக அனுப்ப வேண்டும். ஃபெர்மி விண்தொலைநோக்கி தேடிப்பார்த்தது. எதிர்பார்த்த கதிர்கள் அந்தத் திசையில் இல்லை. ஏதோ ஒரு காந்தப்புலம் இணைகளை வழிமாற்றிவிட்டது என்று 2010இல் நெரோனோவும் வோவ்க்கும் எழுதினார்கள். அந்தப் புலம் குறைந்தது 3×10⁻¹⁶ காஸ் இருக்க வேண்டும். பூமியின் புலத்தில் சுமார் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. இணைகள் தம் ஆற்றலை மெல்லிய பிளாஸ்மாவிடமே இழந்திருக்கலாம் என்று மறுப்பவர்களும் உண்டு.

இல்லாததைக் கொண்டு இருப்பதை அறிவது! மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிகவாதி எண்ணும் பத்து அளவைகளில் இன்மையை அறியும் அபாவமும் ஒன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அபாவம் உள்ளிட்டவற்றைச் சொல்லி, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று தீர்க்கிறார். இதே நூலில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கம் முதலில் எதிர்கொள்வது உலகாயதனை. காட்சி ஒன்றே அளவை என்பவன் அவன். அவனுக்குச் சூரியப் புள்ளி கடைசிவரை ஒரு கருப்புப் புள்ளிதான். விண்வெளியின் வெறுமை வெறுமைதான். கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்று என்னிடம் பெருமையாகச் சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் உலகாயதனின் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. அடுக்களை நெருப்பும் மலை நெருப்பும் ஒரே இயல்புடையவை என்று யார் சொன்னது? லெய்டனில் அணு நடந்துகொண்டபடியே சூரியனிலும் நடந்துகொள்ளும் என்பதை ஹேல் நிரூபிக்கவில்லை. நம்பினார். அந்த நம்பிக்கை மேலும் மேலும் கணக்கோடு ஒத்துப்போனது, அவ்வளவே. உலகம் எங்கும் ஒரே ஒழுங்கில் இருக்கிறது என்ற அந்த நம்பிக்கையை நான் பக்தியின் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் இறைவனுக்கு அடுக்களை இல்லை. குடத்தைக் கண்டால் குயவன் உண்டு என்கிறோம், குயவன் குடம் வனைவதைப் பார்த்திருக்கிறோம். உலகம் ஒன்றுதான், அது வனையப்பட்டதை எவரும் பார்த்ததில்லை. சித்தாந்தம் இதை அறியாமலா உரை என்ற மூன்றாம் அளவையைத் தனியே வைத்தது? அருளாளர் வாக்கைப் பற்றி நிற்கிறேன் என்று நேராகச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆகவேதான் கோயில் மேடைகளில் காந்தம் படும் பாட்டைப் பார்த்து மனம் நோகிறது. சிதம்பரம் நடராசர் பெருவிரலின் கீழ் பூமியின் காந்த நடுப்புள்ளி இருக்கிறது என்கிறார்கள். பூமியில் காந்த நடுக்கோடு உண்டு. அது உலகைச் சுற்றி ஓடுவதால் அதற்கு நடுப்புள்ளி கிடையாது. காலப்போக்கில் இடமும் மாறும். இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டிப் போகிறது, சிதம்பரத்துக்கு வெகு தெற்கே. அதன் அருகில் இருப்பதால்தான் 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்தார்கள். அளந்து பார்த்தால் காட்சிக்கு மாறாகிவிடும் ஒன்றைச் சொல்வதை மணிமேகலையே பிரத்தியக்க விருத்தம் என்று பக்கப்போலிகளில் சேர்த்திருக்கிறது. தில்லைக் கூத்தனுக்குக் காஸ்மானிச் சான்றிதழ் எதற்கு?

சொற்பொழிவாற்றும் அன்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காந்தத்தைப் பற்றிப் பேசுங்கள், சூரியனையும் பால்வெளியையும் சபைக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, இது கண்டது, இது கருதியது, இது உரையால் கொண்டது என்று பிரித்துச் சொல்லுங்கள். கேட்கும் குழந்தைகள் புரிந்துகொள்வார்கள்.