அகரவரிசையில் ஒரு பெயர்
பிரெஞ்சு நடிகர் ஜெரார் ஃபிலிப் 1951இல் ழான் விலாரின் நாடகக் குழுவில் சேர்ந்தபோது ஏற்கெனவே திரை நட்சத்திரம். 1947இல் வந்த ‘உடலில் குடிகொண்ட சாத்தான்’ படம் அவரைப் பிரான்சு முழுவதும் கொண்டுசேர்த்திருந்தது. விலாரின் தேசிய மக்கள் நாடக அரங்கிலோ தனிச் சலுகை எவருக்கும் கிடையாது. சுவரொட்டியில் நடிகர்களின் பெயர்கள் அகரவரிசையில்தான் வரும். ஊரே பார்க்க வந்த ஃபிலிப்பின் பெயரும் அதே அளவு எழுத்தில், தன் முறை வரும் இடத்தில் நின்றது.

அந்த ஆண்டு அவிஞ்ஞோனில், போப்பாண்டவர் அரண்மனையின் திறந்த முற்றத்தில், கொர்னேயின் ‘லெ சித்’ நாடகத்தில் அவர்தான் நாயகன் ரொட்ரீக். சில மாதங்களில் பாரிஸை ஒட்டிய சுரேனில் பிரெக்டின் ‘தீரத்தாய்’ மேடையேறியது. அதில் தாயின் மூத்த மகனாகச் சின்ன வேடம் கட்டினார். எனக்கு ரொட்ரீக்கைவிட அந்தச் சின்ன வேடத்தின் மேல்தான் மதிப்பு அதிகம். கைதட்டல் எங்கே கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிறவர் அதை ஏற்றிருக்க மாட்டார்.

1959 நவம்பரில், 37ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்க, கல்லீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. ரொட்ரீக்கின் உடையிலேயே அடக்கம் செய்தார்கள். கடைசி ஆண்டுகளில் நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்து, சுவரொட்டியில் யாரும் தேடிப் படிக்காத பெயர்களுக்குச் சொந்தக்காரர்களின் கூலிக்காகவும் வேலைப் பாதுகாப்புக்காகவும் வாதாடினார்.