உரியும் சுவரும் பாவக் கணக்கும்

விவிலியத்தின் லேவியராகமத்தில், 14ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவருக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ திட்டுகள் கிளம்பி, மேல்பரப்பைவிடக் குழிந்து தெரிந்தால் வீட்டுக்காரர் ஆசாரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் வருவதற்குள் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். அவர் பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே கிடக்கும் பொருள்களும் தீட்டாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆசாரியர் பார்ப்பார், வீட்டை ஏழு நாள் அடைத்து வைப்பார், திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். திட்டு பரவியிருந்தால் அந்த இடத்துக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே கொட்டுவார்கள். உட்சுவர் முழுவதையும் சுரண்டி, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூசுவார்கள். அதற்குப் பிறகும் திட்டு எழும்பினால்தான் வீட்டை இடிப்பது.

இன்றைய விவிலிய உரையாசிரியர்கள் பலர் இதைப் பூஞ்சை என்றே படிக்கிறார்கள். படிப்படியாகப் போகும் அந்த நிதானம் இன்றைக்கும் மதிக்கத்தக்கது. முதல் பார்வையில் தீர்ப்பு கிடையாது. சந்தேகப்பட்ட அளவுக்குத்தான் உடைப்பு. ஆனால் அதிகாரம் முழுவதும் தேடினாலும் ஒரு கேள்வி இல்லை: இந்தத் திட்டு எதனால் வந்தது?

பின்னால் வந்த யூத அறிஞர்களால் அந்தக் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. தல்மூத் சொல்லும் விடைகளில் ஒன்று கஞ்சத்தனம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாத்திரம் இரவல் கேட்கிறார். வைத்துக்கொண்டே இல்லை என்கிறான் ஒருவன். அவன் சுவரில் திட்டு வருகிறது. ஆசாரியர் வருமுன் வீட்டைக் காலி செய்தாக வேண்டுமே! இல்லை என்று சொன்ன பாத்திரங்களெல்லாம் தெருவுக்கு வந்து ஊர் முன்னால் நிற்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டு மைமோனிடிஸ் இன்னும் ஒரு படி போகிறார். அவர் மருத்துவர். ஆனாலும் சுவரின் இந்த மாற்றம் இயற்கையானது அல்ல, புறங்கூறுகிறவனுக்கு வரும் எச்சரிக்கை என்று எழுதினார். அவன் திருந்தாவிட்டால் சுவரிலிருந்து வீட்டுப் பொருள்களுக்கும், பிறகு உடுத்திய துணிக்கும், கடைசியில் உடம்புக்கும் வரும். இன்னொரு யூத உரையாசிரியரான ராஷி சொல்வது நேர் எதிர். கானான் நாட்டு எமோரியர் சுவருக்குள் ஒளித்துவைத்த தங்கம் வெளிப்படுவதற்காகவே அந்தத் திட்டு வருகிறதாம்.

ஒரே திட்டு, ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவருக்குப் புதையல். சுவருக்குள் இருப்பதைப் பார்க்காமல் சுவரைப் படித்தால் எந்த விடையும் பொருந்திவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூல நூல் இந்த அவசரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. திட்டை வீட்டில் வரவைப்பவர் கடவுளே என்று அது சொல்கிறது, உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. அதே அதிகாரத்தில் தோல்நோய் நீங்கிய மனிதன் குற்றநிவாரண பலியும் பாவநிவாரண பலியும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு அவை இரண்டுமே இல்லை. இரண்டு பறவைகள், கேதுரு மரக்கட்டை, சிவப்பு நூல், ஈசோப்புச் செடி, ஊற்றுநீர். அவ்வளவுதான்.

யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு கற்றவராக இருந்தாலும், தனக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், வீட்டுக்காரர் திட்டு இருக்கிறது என்று சொல்லக்கூடாது. திட்டு போலத் தெரிகிறது என்றே சொல்ல வேண்டும். பொதுச்சுவரில் திட்டு வந்தாலோ, இரண்டு வீட்டாரும் சேர்ந்து கல்லைப் பெயர்க்க வேண்டும். பாவம் ஒருவனுடையது என்று மிஷ்னாவும் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் பாவமில்லாத பக்கத்து வீட்டார் எதற்காகக் கடப்பாரை எடுக்கிறார்? சுவர் பொது, நீர் பொது. பாவக் கணக்கு அங்கேயே இடறுகிறது.

தெரிவதை வைத்துத் தெரியாததைச் சொல்வது எப்போது சரி? தமிழிலும் இந்தக் கேள்வி பழையது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி அனுமானத்தின் வகைகளை எடுத்துரைக்கிறார். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று அறிவது அதில் ஒன்று. தருக்க நூலான நியாய சூத்திரம் இதற்கே ஒரு தடை எழுப்பிப் பார்க்கிறது: கீழே அணை அடைத்ததால் நீர் ஏறியிருக்கலாமே? விடையும் அங்கேயே வருகிறது; அதன் உரை அதை விரிக்கிறது. நீர் ஏறியது மட்டும் போதாது. நுரை, வேகம், அடித்துவரும் இலையும் கட்டையும் சேர்ந்து தெரிந்தால்தான் அது மழைவெள்ளம்.

சுவருக்கும் இந்த அளவை அப்படியே பொருந்தும். பெயின்ட் உப்பிப் பொருக்குப் பொருக்காக உதிர்வது ஆற்றில் நீர் ஏறியது போல. அது மட்டும் எதையும் முடிவாகச் சொல்லாது. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். மேல் விளிம்பில் கறைக்கோடும் வெள்ளையாய் உப்புப் பூத்ததும் தெரியும். வெளிச்சுவர் விரிசலில் இறங்கும் நீர் மழைக்குப் பிறகு கருத்துப் பின் வெளிறும். குழாய்க் கசிவுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் படிந்து கரும்பூஞ்சையாகும். ஓதமே இல்லாமல், பழைய சுண்ணாம்புப் பொடிமேல் பெயின்ட் அடித்ததாலும் உரியும். அலுமினியத் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் அடைத்து ஓரிரு நாள் விட்டுப் பார்ப்பது எளிய சோதனை: அறைப்பக்கம் வியர்த்தால் ஈரம் காற்றிலிருந்து, சுவர்ப்பக்கம் வியர்த்தால் சுவருக்குள்ளிருந்து. ஈரமானியை மட்டும் நம்பக்கூடாது. மின்தடையை அளக்கும் அந்தக் கருவி மரத்துக்கென்று அளவிடப்பட்டது. காரையில் உப்பு ஏறியிருந்தால், காய்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டும்.

இவ்வளவு பார்க்காமல் ஆளைக் குற்றம் சொல்லும் பழக்கம் பழைய நூல்களோடு போய்விடவில்லை. இங்கிலாந்தின் ராச்டேலில், சூடானிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் 2017இல் வீட்டுச் சுவரில் பூஞ்சை படர்வதாக முறையிட்டார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகும் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று வீட்டுவசதி நிறுவனம் ஊகித்துக்கொண்டது. குளிக்கும் வழக்கம்கூடப் பேச்சுக்கு வந்தது. அவருடைய மகன் அவாப் இஷாக் 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில் இறந்தான். வீட்டுப் பூஞ்சையில் நெடுநாள் இருந்ததால் வந்த கடுமையான சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார். வழக்கமான அன்றாட வாழ்க்கையிலேயே ஈரம் சேர்ந்தது, அது வெளியேறப் போதிய காற்றோட்டம் இல்லை என்பதும் விசாரணையில் நிலைநாட்டப்பட்டது.

அந்த நிறுவனத்தின் ஊகத்துக்கும் மைமோனிடிஸின் ஏணிக்கும் வடிவம் ஒன்றே. சுவரிலிருந்து நேராக மனிதனின் நடத்தைக்குத் தாவுவது, நடுவில் இருக்கும் நீரைப் பார்க்காமல் விடுவது. மைமோனிடிஸ் மனிதனைத் திருத்த நினைத்தார் என்பது பெரிய வேறுபாடு. ராச்டேலில் அந்த நோக்கமும் இல்லை; பழுதுபார்க்கும் கடமை கைமாறியது, அவ்வளவே.

2023 செப்டம்பரில் வந்த அரசு வழிகாட்டுதல், ஓதத்துக்கும் பூஞ்சைக்கும் குடியிருப்போரின் வாழ்க்கைமுறையைக் காரணம் காட்டக்கூடாது என்றது. சிறுவனின் பெயராலேயே வழங்கும் அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கணிசமான ஓதம், பூஞ்சை என்றால் 10 வேலைநாட்களுக்குள் ஆராய்ந்து, கண்டதைக் குடியிருப்போருக்கு எழுத்தில் கொடுத்து, ஆய்வு முடிந்த ஐந்து வேலைநாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் குடும்பத்துக்கு வேறு தங்குமிடம் தர வேண்டும்.